மலையில் சிவந்த ‘டபுள் டிலைட்’ கடலோரத்தில் ஏன் வேறு பூவாகிறது?

வாசகர் கேள்வி:

பதினோரு வருடம் மலை ஊரில் இருந்தோம், 2000 மீட்டர் உயரம். வாசலில் ஒரு ‘டபுள் டிலைட்’ ரோஜா. நடுவில் பாலேட்டு நிறம், ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பு, ஒரு பூ உள்ளங்கையை நிறைக்கும், செடியிலேயே ஒரு வாரம் நிற்கும். கடலோரச் சமவெளிக்குக் குடிவந்து ஒரு வருடமாகிறது. இங்கே அதே ரகம் என்று சொல்லி இரண்டு செடி வாங்கினேன். மாடியில் கறுப்புத் தொட்டியில் வைத்தது சின்னதாகப் பூத்து, ஒரே நாளில் விரிந்து, மறுநாள் மங்கின சிவப்பாகி உதிர்ந்துவிடுகிறது. இலையில் கறுப்புப் புள்ளி விழுந்து செடியின் கீழ்ப்பாதி மொட்டையாக நிற்கிறது. சூடு தாங்கட்டும் என்று தினமும் சாயங்காலம் இலையெல்லாம் நனையத் தண்ணீர் தெளிக்கிறேன். கண்ணாடி அடைத்த பால்கனியில் வைத்த இன்னொரு செடியோ வெறும் வெள்ளையாகப் பூக்கிறது. ரகத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா? சிவப்பு வர இரும்புச் சத்து போடு என்கிறார்கள், போடலாமா? பழைய வீட்டில் இப்போது இருப்பவர்கள் அந்தச் செடியைப் பெயர்த்துத் தருகிறோம் என்கிறார்கள். கொண்டுவரட்டுமா?

பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவன் அந்தக் கண்ணாடி பால்கனி வரியில் நின்றுவிட்டேன். வெளியே இருப்பது சிவக்கிறது, கண்ணாடிக்குள் இருப்பது வெள்ளையாகவே நிற்கிறது என்கிறீர்கள். எனக்கு அது ஒன்றே போதும், நீங்கள் வாங்கியது டபுள் டிலைட்தான். உங்களை யாரும் ஏமாற்றவில்லை.

இந்த ரகத்தின் குணமே அப்படி. மொட்டு விரியத் தொடங்கும்போது அது பாலேட்டு நிறம்தான், சிவப்பு அப்புறம் ஏறுவது. அதை ஏற்றிவிடுவது வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர். அது படுகிற இடத்தில் இதழில் ஆந்தோசயனின் என்ற சாயம் உருவாகிறது, படாத இடம் பாலேடாகவே இருந்துவிடுகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், ஆனால் புற ஊதாவில் ஒரு பங்கை, முக்கியமாக புற ஊதா ‘பி’ என்று சொல்கிற பகுதியை, தடுத்துவிடும். அதனால் உங்கள் பால்கனிச் செடிக்கு வெளிச்சம் நிறையக் கிடைத்தும் சாயம் ஏற வழியில்லை. பசுமைக்குடிலுக்குள் இந்த ரகத்தை வளர்த்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிற விஷயம் இது.

சந்தேகம் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். மாடியில் இருக்கிற செடியில் பாதி விரிந்த பூ ஒன்றை எடுத்து, வெளி இதழ்களை ஒவ்வொன்றாக மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு இதழின் மேல் இன்னொன்று படிந்து மூடியிருந்த இடம் வெளுப்பாக இருக்கும், மூடாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த விளிம்பு மட்டும் சிவந்திருக்கும், இரண்டுக்கும் நடுவில் மேல் இதழின் ஓரம் எந்த வளைவில் இருந்ததோ அதே வளைவில் நிறம் மாறியிருப்பது பல பூக்களில் கண்ணுக்கே தெரியும். எத்தனை வருடமாகப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. இன்னொன்றும் செய்யலாம். பால்கனிச் செடியில் அடுத்த மொட்டு வாய் திறக்கும்போது தொட்டியைத் தூக்கிக் காலை வெயிலில் வையுங்கள். ஓரிரு நாளில் விளிம்பில் சிவப்பு ஏறத் தொடங்கும். அதற்கு மேல் ரகத்தைப் பற்றிய சந்தேகம் உங்களுக்கு வராது.

இதிலேயே ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். ரகம் உண்மையிலேயே ‘மாறிப்போகிற’ ஒரு வழி உண்டு. ஒட்டுச்செடியில் ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழே இருந்து ஒரு தண்டு கிளம்பி, வளர்ந்து, மேலே இருக்கிற நல்ல செடியை அமுக்கிவிடும். அது அடிச்செடியின், அதாவது வேருக்காகக் கீழே வைத்து ஒட்டிய செடியின் தண்டு. இலையின் சாயலும் முள்ளும் வேறு மாதிரி இருக்கும், பூவும் வேறாக இருக்கும். அதைக் கத்தரியால் வெட்டினால் மறுபடி வரும், அதனால் மண்ணை விலக்கி, கிளம்பிய இடத்தோடு சேர்த்துப் பிய்த்து எடுக்க வேண்டும். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுத்தண்டு, ஐந்து இருந்தால் நல்ல தண்டு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், அதை நம்பி வெட்டாதீர்கள். நல்ல ரகங்களிலும் வீரியமாக வளரும் தண்டில் ஏழு சிற்றிலை வரும். எங்கிருந்து கிளம்புகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

சரி, நிறத்துக்குத் திரும்புவோம். மலையில் ஏன் அப்படி ஒரு சிவப்பு? உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். 2000 மீட்டரில் இருந்த உங்கள் பழைய வாசலுக்குக் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்காவது அதிகம் கிடைத்திருக்கும். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் குளிர்ச்சி. சமவெளியில் வெயிலுக்கா பஞ்சம், அந்த வெயிலிலும் புற ஊதா தாராளமாகவே இருக்கிறது, அதனால்தான் உங்கள் மாடிச் செடி முழுக்கச் சிவந்து போகிறது. அங்கே குறைவது சிவப்பின் அழுத்தம். ஆந்தோசயனின் குளிர்ந்த இரவுகளில் நன்றாகச் சேரும், வெப்பத்தில் உருவாவது குறையும், உருவானதும் நிலைக்காது. நீங்கள் ‘மங்கின சிவப்பு’ என்று எழுதியது இதைத்தான்.

பூ சின்னதாவதற்கும் இதேதான் மூலகாரணம். ரோஜாவுக்குப் பகலில் 20 முதல் 27 டிகிரி, இரவில் 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால் சொகுசு. பகலில் இலை சர்க்கரை சமைக்கிறது, இரவில் சுவாசத்துக்கு அதில் ஒரு பங்கைச் செலவு செய்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தச் செலவு சுமார் இரண்டு மடங்காகிவிடும். இரவிலும் 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்தில் செடி பகலில் சம்பாதித்ததை ராத்திரியே தின்று தீர்த்துவிடுகிறது, மொட்டுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். அதோடு வெப்பம் மொட்டை அவசரப்படுத்தும். கவாத்து செய்ததிலிருந்து, அதாவது தண்டை வெட்டிவிட்டதிலிருந்து, பூ வர குளிர்ந்த இடத்தில் எட்டு வாரம்கூட ஆகும், உங்கள் இடத்தில் ஐந்து ஆறு வாரத்திலேயே வந்துவிடும். நிதானமாக இதழ் அடுக்க நேரம் கிடைக்காத மொட்டில் இதழின் எண்ணிக்கையும் குறைகிறது, அளவும் குறைகிறது. வழக்கமாக 30, 35 இதழ் இருக்க வேண்டிய இந்தப் பூ கடும் வெப்பத்தில் தளர்ந்து, சட்டென்று மலர்ந்து, முகம் காட்டிவிட்டுப் போய்விடுகிறது. மெதுவாக விரிகிற பூவில் விளிம்பு முதலில் சிவந்து நடு பாலேடாக நிற்கிற அந்த அழகு கிடைக்கும். ஒரே நாளில் தட்டையாக விரிந்துவிட்டால் வெயில் எல்லா இதழிலும் ஒரேயடியாகப் படுகிறது, இரண்டு நிறமும் சேர்ந்து நிற்கிற அந்த நேரமே இல்லாமல் போகிறது.

இந்த ரகம் எங்கே பிறந்தது என்று தெரிந்தால் இன்னும் தெளிவாகும். ஹெர்பர்ட் ஸ்விம், ஆர்னால்ட் எல்லிஸ் என்ற இருவர் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் உருவாக்கி 1977இல் வெளிவந்தது. தாய் ‘கிரனாடா’, தந்தை ‘கார்டன் பார்ட்டி’. அந்த கார்டன் பார்ட்டிக்குத் தந்தை யார் என்றால், இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில் 1945இல் பெயர் சூட்டப்பட்ட புகழ்பெற்ற ‘பீஸ்’. மஞ்சளில் இளஞ்சிவப்பு விளிம்பு கொண்ட அந்தப் பாட்டனுக்கும் இதே சுபாவம்தான், குளிர்ந்த இடத்தில் நிறம் அழுத்தமாக இருக்கும், வெப்பத்தில் மஞ்சள் வெளிறிவிடும். டபுள் டிலைட்டை உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு 1985இல் தன் புகழ் வரிசையில் சேர்த்தது. அது தகுதியான பெருமை, மணத்தையும் நிறத்தையும் இப்படி ஒரே பூவில் சேர்த்த ரகங்கள் அதிகம் இல்லை. ஆனால் வெயில் தாராளமாகவும் காற்று வறண்டும் இருக்கிற நிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட செடி இது. ஈரத்தில் வரும் பூசணங்களைத் தாங்கும் வலிமை இதற்கு ஒருபோதும் பெரிதாக இருந்ததில்லை. கையேடுகளில் பரிசுப் பட்டியலைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு இதைச் சின்ன எழுத்தில்கூடப் போடாமல் விடுகிறார்கள், எனக்கு அது வருத்தம்.

அதனால் உலகத்தில் இதை வளர்ப்பவர்கள் நாலு பேரைக் கேட்டால் நாலு விதமாகச் சொல்வார்கள், நாலும் உண்மையாக இருக்கும். பகல் சூடாகவும் இரவு நன்றாகக் குளிர்ந்தும் இருக்கிற வறண்ட நிலத்தில் இருப்பவர் இதைப்போல ஒரு ரோஜா கிடையாது என்பார். அவருக்குத் தொல்லை தருவது சிவப்புச் சிலந்தியும் இலைப்பேனும்தான். சிலந்திக்கு இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் அடங்கும். இலைப்பேனுக்கு வெளிர் நிறப் பூக்கள் மேல் ஆசை, மொட்டுக்குள் புகுந்து பாலேட்டு இதழின் ஓரத்தைப் பழுப்பாகக் கருக்கிவிடும், அதை வெயிலில் கருகியது என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. பனிமூட்டமும் குளிர்ந்த ஈரக்காற்றுமாக இருக்கிற கடற்கரையில் இருப்பவரோ இதைத் திட்டுவார். அவருக்குச் சாம்பல் நோய் வரும், தளிரும் மொட்டுக் காம்பும் மாவு தூவியதுபோல் ஆகும். மழை விடாமல் பெய்தால் வெளி இதழ்கள் ஒட்டிக்கொண்டு மொட்டு விரியாமலே அழுகும், வெயில் இல்லாததால் விரிந்த பூவிலும் சிவப்பு லேசாகத்தான் இருக்கும். தரை உறைகிற குளிர்காலம் உள்ளவர் பூவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டார், செடி அடுத்த வருடம் இருக்குமா என்பதுதான் அவர் கவலை. ஒட்டு முடிச்சின் மேல் 20, 30 சென்டிமீட்டர் மண் குவித்து மூடி வைத்து, குளிர் விட்ட பிறகு விலக்குவார்.

உங்கள் இடம் இதில் எதுவுமே இல்லை. சூடு, ஈரம், இரவிலும் குளிராத காற்று. அங்கே இந்த ரகத்துக்கு முதல் எதிரி கரும்புள்ளி நோய், அதற்கு அம்மா, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், நீங்களே தினமும் சாயங்காலம் வழி செய்து கொடுத்திருக்கிறீர்கள். டிப்ளோகார்பன் ரோசே என்ற பூசணம் அது. அதன் வித்து இலையில் விழுந்தாலும், இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமாக இருந்தால்தான் உள்ளே நுழைய முடியும். சாயங்காலம் ஆறு மணிக்கு நனைத்த இலை, காற்றில் ஈரம் நிறைந்த கடலோரத்தில், விடியும் வரைக்கும் காயாது. நுழைந்த பூசணம் சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் புள்ளியாக வெளியே தெரியும், ஓரம் நேராக இல்லாமல் நூல் நூலாகப் பிசிறியிருக்கும், சுற்றி மஞ்சளாகி இலை கழன்றுவிடும். கீழ் இலையில் தொடங்கி மேலே ஏறும், ஏனென்றால் தண்ணீர் தெறிக்கும்போது விழுந்த இலையிலிருந்து வித்தும் சேர்ந்து தெறிக்கிறது.

இன்றோடு அந்தத் தெளிப்பை நிறுத்துங்கள். தண்ணீர் காலையில், வேருக்கு மட்டும். விழுந்த இலையைத் தினமும் பொறுக்கித் தூரப் போடுங்கள், தொட்டியில் மக்கட்டும் என்று விடாதீர்கள். புள்ளி நிறைந்த இலைகளையும் கிள்ளிவிடலாம், ஆனால் செடியில் மிஞ்சியிருப்பதே பாதிதான் என்கிறீர்கள், அதனால் மோசமானதை மட்டும் எடுங்கள், சுத்தமாக மொட்டை அடித்துவிட்டால் சர்க்கரை சமைக்க ஆளில்லாமல் போகும். மருந்து அடிப்பதானால் கந்தகத் தூளை 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கிற நாளில் அடிக்காதீர்கள், இலை வெந்துவிடும். எண்ணெய்க் கரைசல் அடித்து இரண்டு வாரம் ஆகாமலும் அடிக்கக் கூடாது. என்னைக் கேட்டால், ஈரத்தை நிறுத்தாமல் மருந்தை மட்டும் அடிப்பது வீண் வேலை. இலை காய்ந்திருந்தால் பாதி நோய் தானாகவே குறையும், அதற்கப்புறம் மீதியைப் பார்க்கலாம்.

தெளித்தால் சூடு தணியும் என்ற உங்கள் எண்ணம் தப்பில்லை, இடம்தான் தப்பு. சூடு தாங்காமல் தவிப்பது இலையைவிட வேர். கறுப்புத் தொட்டி மாடியில் நேர் வெயில் வாங்கும்போது அதன் சுவரை ஒட்டியிருக்கிற மண், காற்றைவிட எத்தனையோ டிகிரி அதிகமாகக் கொதிக்கும், நுனி வேர்கள் அங்கேதான் இருக்கின்றன. மத்தியானம் மூன்று மணிக்குத் தொட்டியின் மேற்குப் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள், உங்கள் கை தாங்காததை வேர் மட்டும் எப்படித் தாங்கும்? அந்தத் தொட்டியை அதைவிடப் பெரிய வெளிர் நிறத் தொட்டிக்குள் இறக்கி, நடுவில் உள்ள இடைவெளியில் தேங்காய் நார்க்கழிவோ காய்ந்த இலையோ நிரப்புங்கள். மேலே இரண்டு அங்குலம் மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டாமல். அடியில் கல் வைத்துத் தரையிலிருந்து உயர்த்துங்கள். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் விழுந்து, இரண்டு மணிக்கு மேல் சுவரோ நிழல்வலையோ மறைக்கிற மாதிரி ஒரு மூலை இருந்தால் அதுதான் இதற்கு இடம். காலை வெயில் இலையில் படிந்த பனியையும் சீக்கிரம் காயவைத்துவிடும். பால்கனிச் செடியையும் அங்கேயே கொண்டுவந்து வைத்துவிடுங்கள், கண்ணாடிக்குள் அதற்கு எதிர்காலம் இல்லை.

இரும்புச் சத்து வேண்டாம். புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புக் குறை, அதுவும் பல நேரம் மண்ணில் இரும்பு இல்லாததால் அல்ல, மண் காரமாகி வேரால் எடுக்க முடியாததால் வருவது. ரோஜாவுக்கு மண்ணின் கார அமில நிலை 6 முதல் 6.5 வரை இருந்தால் போதும். இதழின் சிவப்புக்கும் நீங்கள் போடுகிற இரும்புக்கும் சம்பந்தமில்லை. சிலர் போடச் சொல்கிற எப்சம் உப்பும் (மெக்னீசியம் சல்பேட்) அப்படித்தான். நிறம் வரவில்லை என்று உரத்தைக் கூட்டிக்கொண்டே போய், வெப்ப மாதத்தில் உப்பு ஏறி வேர் கருகிய தொட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்தச் செடிகளைக் காப்பாற்றுவது சுலபமில்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மலையில் கிடைத்த பூவை வருடம் முழுக்க இங்கே வாங்கிவிட வேண்டும் என்று இந்தச் செடியோடு மல்லுக்கட்டாதீர்கள். உங்கள் இடத்திலும் வருடத்தில் சில வாரங்கள் இரவு கொஞ்சம் குளிரும், காற்றில் ஈரம் குறையும். டபுள் டிலைட்டின் பருவம் அதுதான், அதற்காக மற்ற மாதங்களில் அதை உயிரோடும் இலையோடும் வைத்திருப்பதுதான் உங்கள் வேலை. கடும் வெப்ப மாதங்களில் வருகிற மொட்டைப் பட்டாணி அளவிலேயே கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் ஒரு நாள்கூட நிற்காத பூவுக்குச் செலவாகிற சத்து தண்டில் தங்கும். அந்த மாதங்களில் ஆழக் கவாத்து கூடாது. குளிர் நாட்டுப் புத்தகங்களில் முழங்கால் அளவுக்கு வெட்டு, அதற்கும் கீழே வெட்டு என்று இருக்கும், அது குளிரில் உறங்கி எழுகிற செடிக்கு எழுதியது. உறங்காத செடிக்குத் தண்டும் இலையும்தான் சேமிப்பு, இலை நிழல் போனால் தண்டின் தோலே வெயிலில் வெந்துவிடும். குளிர்ந்த வாரங்கள் தொடங்கும் நாளை நாள்காட்டியில் பார்த்து, அதற்கு ஆறு வாரம் முன்னால் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கவாத்து செய்து, காய்ந்ததையும் உள்நோக்கி வளர்ந்ததையும் எடுத்துவிட்டு, மட்கிய உரம் வையுங்கள். அந்தச் சுற்றில் வருகிற பூக்கள் மலைப் பூவுக்குச் சமமாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாலேடும் சிவப்பும் சேர்ந்து நிற்கிற பூவாக இருக்கும். விடிந்ததும் போய் மணம் பாருங்கள், வெயில் ஏறினால் மணம் காற்றோடு போய்விடும்.

மீதி மாதங்களுக்கு வேறு ரோஜாக்களை வையுங்கள். சூட்டுக்கும் ஈரத்துக்கும் பழகிய குடும்பம் சீன ரோஜாக்களும் பழைய டீ ரோஜாக்களும். ‘ஓல்ட் பிளஷ்’ என்ற இளஞ்சிவப்பு ரோஜா சலிக்காமல் பூக்கும், ‘மியூட்டபிலிஸ்’ மஞ்சளாக விரிந்து இளஞ்சிவப்பாகி அடர்சிவப்பாக முடியும், நிறம் மாறுகிற பூ பிடிக்கும் என்பதால் உங்களுக்கு அதை முதலில் சொல்வேன். ‘மிசஸ் பி. ஆர். கேன்ட்’ 1901இல் வந்தது, இன்றும் வெப்பமான இடங்களில் மனிதர் உயரம் வளர்ந்து பூக்கிறது. புதியவற்றில் 2000இல் வந்த ‘நாக் அவுட்’ கரும்புள்ளியை நன்றாகத் தாங்கும், மணம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஜெர்மனியில் ஏ.டி.ஆர். என்று ஒரு சோதனை உண்டு, புது ரகங்களை நாட்டின் பல இடங்களில் வருடக்கணக்கில் வளர்த்துப் பார்த்து, 1997 முதல் எந்தப் பூச்சி, பூசண மருந்தும் அடிக்காமல், தேறியதற்கு மட்டும் முத்திரை கொடுக்கிறார்கள். எனக்கு மிகவும் மதிப்பு உள்ள சோதனை. ஆனாலும் அது குளிர்காலம் உள்ள ஒரு நாட்டின் முத்திரை, இரவிலும் சூடு இறங்காத இடத்துக்கு அது உறுதிமொழி ஆகாது. எந்தச் செடி வாங்கும் முன்பும் உங்களைப்போன்ற தட்பவெப்பம் உள்ள தோட்டத்தில், வெப்பத்தின் உச்சத்தில், அது இலையோடு நிற்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பூக்கிற பருவத்தில் பார்த்தால் எல்லாச் செடியும் நன்றாகத்தான் இருக்கும்.

அடிச்செடியையும் விசாரியுங்கள். மேலே ஒரே ரகம் இருந்தாலும் கீழே வேர் வேறாக இருந்தால் செடியின் பலம் வேறு. ‘டாக்டர் ஹியூ’ காரத் தன்மையுள்ள வறண்ட மண்ணைத் தாங்கும், மல்டிஃப்ளோரா அமிலச் சாயலுள்ள மண்ணுக்கும் குளிருக்கும் சரி. மணற்பாங்கான, நூற்புழு உள்ள, வெப்பமான மண்ணுக்கு ஃபார்ச்சூனியானா என்ற அடிச்செடி மிக நல்லது. கடலோரத்தில் தரையில் நடப்போகிறீர்கள் என்றால் அதில் ஒட்டியதாகத் தேடுங்கள்.

கடைசியாக, அந்தப் பழைய செடி. கொண்டுவர வேண்டாம் அம்மா. பதினோரு வருட வேரைப் பெயர்த்தால் பாதி வேர் மண்ணிலேயே அறுந்து நிற்கும், மீதி வேரோடு அது குளிரிலிருந்து நேராக உங்கள் வெப்பத்தில் இறங்கினால் பிழைப்பதே கடினம். பிழைத்தாலும் இப்போது மாடியில் இருப்பது பூக்கிற பூவைத்தான் அதுவும் பூக்கும், செடி மலையின் வானிலையைத் தன்னோடு எடுத்து வராது. அது அங்கேயே இருக்கட்டும், அந்த வீட்டுக்காரர்களிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், சிவப்பு உச்சத்தில் இருக்கும்போது ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அதே செடியின் வம்சம் கையில் இருக்க வேண்டும் என்று தோன்றினால், போகும்போது குச்சி எடுத்து வாருங்கள். பூத்து முடிந்த தண்டில், பென்சில் கனத்தில், 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில் ஐந்தாறு குச்சி. பூவை வெட்டிவிட்டு மேலே இரண்டு இலை மட்டும் விடுங்கள். ஈரக் காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, வெயில் படாமல் கொண்டுவந்து அன்றைக்கோ மறுநாளோ நட்டுவிட வேண்டும். உங்கள் ஊரின் குளிர்ந்த வாரங்களில் செய்தால் பிழைக்கிற வாய்ப்பு அதிகம். மணலும் நார்க்கழிவும் பாதிப் பாதி கலந்த கலவை, நல்ல வெளிச்சமுள்ள நிழல், மேலே ஒரு வெளிப்படையான மூடி, தினமும் கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து காற்று விடுங்கள். நாலிலிருந்து ஆறு வாரத்தில் வேர் வரும். அதற்குள் தளிர் எட்டிப் பார்க்கும், அதைப் பார்த்துவிட்டு வேர் வந்துவிட்டதென்று பெரிய தொட்டிக்கு மாற்றிவிடாதீர்கள், குச்சியில் இருந்த சேமிப்பில் வருகிற தளிர் அது. தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் தெரிகிற வரைக்கும் குச்சியைத் தொட்டு ஆட்டிப் பார்க்காமல் விட்டுவிடுங்கள்.